குரோன்ஷ்டாட் மாலுமிகள் வெள்ளிமலைக்கு வந்தார்கள்

எதிரி சுடுகிறான். இந்தப் பக்கம் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் சாய்கிறார், அவர் வாத்தியத்தின் குரல் மட்டும் பாட்டிலிருந்து கழன்றுவிடுகிறது. அடுத்து இன்னொருவர். பாட்டு மெலிந்து மெலிந்து போகிறதே தவிர, நிற்பதாக இல்லை. சாவை இப்படிக் காதால் கேட்கவைத்த இன்னொரு படத்தை நான் பார்த்ததில்லை. ரத்தம் காட்டவில்லை, கதறல் இல்லை. எத்தனை பேர் போனார்கள் என்பதை நம் செவியே எண்ணிக்கொள்கிறது. திரையில் பேச்சு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், ஒலியை இவ்வளவு தெரிந்து கையாண்டிருக்கிறார்கள் என்றால் அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

படத்தின் பெயர் 'நாங்கள் குரோன்ஷ்டாட்டைச் சேர்ந்தவர்கள்'. 1936-இல் மாஸ்ஃபிலிம் தயாரித்தது. இயக்கியவர் யெஃபிம் ஜிகான், எழுதியவர் வ்செவலத் விஷ்னேவ்ஸ்கி, இசை நிக்கலாய் குரியுகோவ். கறுப்பு வெள்ளை, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அதே 1936-இல்தான் நம் ஊரில் 'சதி லீலாவதி' வந்தது, எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றினார். அந்தக் காலத்துப் படமா, நாடகம் மாதிரி இருக்குமே என்று தயங்குகிறவர்கள் முதல் பத்து நிமிடம் மட்டும் பாருங்கள். அதன் பிறகு எழுந்து போக மாட்டீர்கள்.

சோவியத் படம், கடற்படை என்றதும் எல்லோரும் ஐசன்ஸ்டைனின் 'போட்டம்கின்' பக்கம் போய்விடுகிறார்கள். ஒடெஸா படிக்கட்டு, உருண்டு போகும் குழந்தை வண்டி, புழுத்த இறைச்சி. திரைப்படச் சங்கங்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் அதைத்தான் போடுகிறார்கள். ரஷ்ய உள்நாட்டுப் போர் என்றால் 1934-இல் வந்த 'சப்பாயெவ்'. இந்த இரண்டு மலைகளுக்கும் நடுவில் மறைந்து போனது ஜிகானின் படம். நான் துணிந்தே சொல்கிறேன்: 'போட்டம்கின்' பார்த்து முடித்ததும் எனக்கு ஒரு கூட்டம் நினைவில் நின்றது, இந்தப் படம் பார்த்து முடித்ததும் முகங்கள் நின்றன. கூட்டத்தைக் காட்டுவது பெரிய கலைதான். ஆனால் கூட்டத்துக்குள்ளே ஒவ்வொருவனும் எப்படி முறைக்கிறான், எப்படிப் பசித்திருக்கிறான், எதற்காகக் கடைசியில் பக்கத்தில் நிற்பவனுடைய தோளைப் பிடித்துக்கொள்கிறான் என்று காட்டுவது அதைவிடக் கடினம். அதைச் செய்திருக்கிறது இந்தப் படம்.

கதை நடப்பது 1919 இலையுதிர் காலத்தில். போல்ஷெவிக் அரசை எதிர்த்த ஜெனரல் யுதேனிச்சின் வெண்படை பெத்ரொகிராதை (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நெருங்கிவிட்டது. நகரத்துக்கு மேற்கே, பின்லாந்து வளைகுடாவில், கோத்லின் தீவில் இருக்கிறது குரோன்ஷ்டாட். பேரரசர் பீட்டர் காலத்துக் கோட்டை, பால்டிக் கப்பற்படையின் தாய்வீடு. கப்பலில் வாழ்ந்து பழகிய மாலுமிகளைக் கரையிறக்கி, சேற்றில் சண்டை போட அனுப்புகிறார்கள். அதனால் இது பெயருக்குக் கடற்படைப் படம், பாதிக்கு மேல் தரையில்தான் நடக்கிறது. ஆனால் கடல் ஒரு நிமிடமும் நம்மை விட்டுப் போவதில்லை. ஒளிப்பதிவாளர் நாவும் நாவுமவ்-ஸ்த்ராஷ் எந்தக் காட்சியை எடுத்தாலும் ஓர் ஈரம் இருக்கிறது. கடலிலிருந்து நெடுந்தொலைவில், கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து, லேப்டாப்பில் பார்க்கும்போதே எனக்கு உப்புக் காற்று பட்டது.

நாயகன் அர்த்தியோம் பலாஷவ். கியார்கி புஷுயெவ் நடித்திருக்கிறார். நாயகன் என்று சொல்லிவிட்டேன், ஆனால் அறிமுகக் காட்சியில் அவன் செய்வது அடாவடி. தெருவில் போகும் பெண்ணை வம்புக்கு இழுக்கிறான். காலாட்படைச் சிப்பாய் தட்டிக் கேட்கிறான். கப்பற்படைக்காரனுக்கும் தரைப்படைக்காரனுக்கும் அங்கேயே முறைப்பு தொடங்கிவிடுகிறது. நாடு பற்றி எரியும்போது இவர்கள் நீ பெரியவனா நான் பெரியவனா என்று நிற்கிறார்கள். பிரச்சாரப் படம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். போஸ்டரில் ஒட்டுவதற்குரிய வீரனைக் காட்டாமல், ஒரு போக்கிரியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவன் திருந்துவதும் யாரோ பிரசங்கம் செய்து அல்ல. படையின் அரசியல் பொறுப்பாளரான கமிஸார் மர்தீனவ் (வசீலி ஸாயிச்சிக்கவ்) குரலை உயர்த்துகிற ஆளே இல்லை. களைத்த முகம், பொறுமையான கண்கள். நம் ஊரில் தொழிற்சங்கத்துக்கே வாழ்க்கையைக் கொடுத்துவிட்ட பழைய தோழர்களை அருகில் பார்த்தவர்களுக்கு அந்த முகம் புதிதாக இருக்காது.

இந்த நம்பகத்தன்மை எங்கிருந்து வந்தது என்றால், எழுதியவரிடமிருந்து. விஷ்னேவ்ஸ்கி 1900-இல் பிறந்தவர். முதல் உலகப் போர் தொடங்கியபோது பதின்மூன்று வயதுப் பையன். வீட்டைவிட்டு ஓடிப்போய்ப் போர்முனையில் சேர்ந்துகொண்டவர். பிறகு மாலுமியானார், உள்நாட்டுப் போரில் சண்டையிட்டார். புகழ்பெற்ற 'நம்பிக்கையூட்டும் துன்பியல்' நாடகமும் அவருடையதுதான், அதுவும் மாலுமிகள் கதை. மாலுமிகள் எப்படிக் கேலி பேசுவார்கள், எதற்கு உடனே கையை ஓங்குவார்கள், எப்போது வாயை மூடிக்கொள்வார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தப் படத்தை நான் மட்டும் பார்த்து வைத்துக்கொள்வது எனக்கே தாங்கவில்லை. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு நண்பர் வீடு இருக்கிறது. ஒரு சின்ன ப்ரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினேன். வாசலில் இரண்டு வேட்டிகளைச் சேர்த்துக் கட்டியதுதான் திரை. மரவள்ளிக் காட்டு வேலை முடித்து வந்தவர்கள், பிள்ளைகள், பெரியவர்கள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. ரஷ்ய வசனம் ஓட, ஆங்கில எழுத்தைப் படித்துப் படித்து நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்தில் நான் சொல்வதற்கு முன்பே அவர்கள் புரிந்துகொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்தப் படத்துக்குப் பேச்சு எவ்வளவு குறைவாகத் தேவைப்படுகிறது என்று.

நண்பரின் அப்பா ஒரு கேள்வி கேட்டார். "ஏன் தம்பி, இவனுங்களுக்கெல்லாம் சோறு யாரு போடறாங்க?" நான் எத்தனையோ படங்களைப் பற்றி எத்தனையோ பேரோடு விவாதித்திருக்கிறேன், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஆனால் படத்துக்கு மிக முக்கியமான கேள்வி அதுதான். பெத்ரொகிராத் அன்று பட்டினி கிடந்த நகரம். படத்தில் மாலுமிகளும் அரை வயிற்றோடுதான் நிற்கிறார்கள். அதைச் சொன்னேன். "அரை வயித்துக்காரன்தான் நின்னு சண்ட போடுவான்" என்றார் பெரியவர். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. கூலி இல்லாமல் அடுத்தவன் காட்டில் உழைத்த காலத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர். நான் புத்தகத்தில் படித்து வைத்திருந்ததை அவர் ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போனார்.

இனி நான் சொல்லப்போவது படத்தின் உச்சக் காட்சி. தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போய்விடலாம். ஆனால் தெரிந்துகொண்டு பார்த்தாலும் அது ஒரு துளியும் குறையாது என்பதற்கு நான் சாட்சி.

மாலுமிகள் சிறைபிடிக்கப்படுகிறார்கள். கடலை ஒட்டிய செங்குத்துப் பாறையின் மேலே அவர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கைகளைக் கட்டி, கழுத்தில் கல்லைக் கட்டுகிறார்கள். கீழே அலை. கமிஸார் இருக்கிறார், பலாஷவ் இருக்கிறான், கிதார் வாசிக்கிற மாலுமி இருக்கிறான், மீசைகூட முளைக்காத ஒரு கப்பல் சிறுவனும் இருக்கிறான். அவசரமே படாத காட்சி. கேமரா ஒவ்வொரு முகமாகப் போகிறது. காற்று அடிக்கிறது. யாரும் கெஞ்சவில்லை. "அந்தப் பையனையுமா தள்ளப்போறானுங்க?" என்று ஓர் ஆயா என்னைப் பார்த்துக் கேட்டார், நான் ஏதோ நிறுத்த முடிந்தவன் போல.

அந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது.

மலையில் அது வழக்கம்தான் என்று யாரும் எழுந்திருக்கவில்லை. இருட்டில் உட்கார்ந்து வாதம் தொடங்கியது. தள்ளிவிடுவார்களா, மாட்டார்களா, மற்ற மாலுமிகள் வந்து காப்பாற்றுவார்களா. பண்ருட்டிப் பக்கத்து ஊர்க்காரர், மலையில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் வந்திருந்தார். அவர் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு அப்பர் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசரைப் பல்லவ அரசன் கல்லோடு கட்டிக் கடலில் போட்டான்; கல்லே தெப்பமாக மிதந்து திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் அவரைக் கொண்டு சேர்த்தது. கடலூரில் அந்த இடத்துக்குக் கரையேறவிட்ட குப்பம் என்றே பெயர்; இன்றும் சித்திரையில் விழா எடுக்கிறார்கள். கள்ளக்குறிச்சியும் கடலூரும் பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் இரண்டு மூலைகள்தான். கழுத்தில் கல், கீழே கடல் என்றதும் எங்கள் மண்ணில் வளர்ந்த யாருக்கும் வேறு என்ன ஞாபகம் வரும்? எத்தனை தடவை பார்த்தும் எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று இருட்டில் வியந்துகொண்டிருந்தேன்.

விளக்கு வந்தது. பிள்ளைகள் எல்லோரும் கல் மிதக்கப்போகிறது என்று காத்திருந்தார்கள்.

கல் மிதக்கவில்லை. ஒவ்வொருவராகத் தள்ளுகிறார்கள். கமிஸார் போகிறார். கிதார்காரன் போகிறான். அந்தச் சிறுவனும் போகிறான். வேட்டித் திரைக்கு முன்னால் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. நீருக்கடியில் பலாஷவ் கட்டை அவிழ்த்துக்கொண்டு போராடுகிறான், மேலே வருகிறான். பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய்கள் குரைக்க ஆரம்பித்துவிட்டன. "ஒரு ஆளு மெதந்துட்டான் டீச்சர்!" என்று ஒரு பையன் கத்தினான். 1936-இல் மாஸ்கோவில் இதை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் யாராவது அந்தக் கூச்சலைக் கேட்டிருக்க வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன்.

அதற்கப்புறம் படம் எழும் வேகம்! கரையேறிய அந்த ஒருவன், தான் முன்பு முறைத்துக்கொண்ட அதே காலாட்படையிடம் போய்ச் சேருகிறான். ஒலேக் ஜாக்கவ் நடித்த தரைப்படைத் தளபதி திரவுதின் இங்கே தனியாகச் சொல்லப்பட வேண்டியவர்; மெலிந்த உடம்பு, உறக்கமற்ற முகம், எதிலும் அலட்டல் இல்லாத நடிப்பு. மாலுமியும் சிப்பாயும் ஒன்று சேர்கிறார்கள். கடைசியில் அதே பாறை, அதே கடல், ஆனால் இம்முறை ஓட ஓட விரட்டப்படுவது வெண்படை. பாறை விளிம்பில் நின்று பலாஷவ், இன்னும் யாருக்காவது பெத்ரொகிராத் வேண்டுமா என்று கேட்கிற தோரணையை நம் ரசிகர்கள் தியேட்டரில் பார்த்திருந்தால் விசில் பறந்திருக்கும். வெள்ளிமலையில் பறந்தது.

நடுவில் டாங்கிக் காட்சி ஒன்று வருகிறது. யுதேனிச்சின் படைக்கு ஆங்கிலேயர் டாங்கி கொடுத்தது வரலாறு. கையெறி குண்டோடு அந்த இரும்பு மிருகத்தை எதிர்கொள்கிறான் மாலுமி. இது திரையோடு நின்றுவிடவில்லை. படம் வந்த அதே ஆண்டு ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. மத்ரீத் நகரம் முற்றுகைக்குள் சிக்கவிருந்த அக்டோபரில் அங்கே இந்தப் படத்தைத் திரையிட்டார்கள். நவம்பரில் அந்தோனியோ கொல் என்ற ஸ்பானிய மாலுமி கையெறி குண்டுகளோடு ஃபிராங்கோவின் டாங்கிகளை எதிர்த்து நின்று உயிர்விட்டார். அந்தத் துணிச்சலுக்கு இந்தப் படம்தான் முன்மாதிரி என்று அன்றே பேசினார்கள். எழுத்தாளர் இல்யா எரன்புர்க் அராகோன் போர்முனையில் ஒரு லாரியில் ப்ரொஜெக்டரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டித் திரிந்தார். ஒரு சின்ன ப்ரொஜெக்டரோடு மலை ஏறியவனுக்கு அந்த லாரி எவ்வளவு பெரிய உறவு!

குறை இல்லாமல் இல்லை. வெண்படை அதிகாரிகளை ஒரே கறுப்பு மையால் வரைந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் முகம் கொடுத்திருந்தால் படம் இன்னும் உயர்ந்திருக்கும். 1919-இல் பெத்ரொகிராதைக் காப்பாற்றுவதில் முன்நின்ற த்ரோத்ஸ்கி படத்திலேயே இல்லை. ஸ்டாலினின் எதிரியாகிவிட்ட அவர் பெயரைச் சொல்லி 1936-இல் படமெடுக்க முடியாது. இதைவிட வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. இதே குரோன்ஷ்டாட் மாலுமிகள் 1921 மார்ச்சில் போல்ஷெவிக் அரசையே எதிர்த்துக் கிளர்ந்தார்கள். உறைந்த கடலின் பனிப்பரப்பைக் கடந்து போய்ச் செம்படை அவர்களை ஒடுக்கியது. அது தெரிந்த பிறகு இந்தப் படத்தைப் பார்ப்பது இன்னும் கனக்கிறது. பாறை மேல் நிற்கும் முகங்களில் எத்தனை பேர் இரண்டு வருடத்தில் எதிர்ப்பக்கம் நின்றிருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. என்னைப் பொறுத்தவரை இது படத்தைத் தள்ளிவைக்கக் காரணம் ஆகாது. வரலாற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து பார்க்க வேண்டிய படம்.

நம்மிடமும் இதற்கு ஈடான கதை இருக்கிறது. 1946 பிப்ரவரி 18-ஆம் தேதி பம்பாயில் 'தல்வார்' பயிற்சித் தளத்தில் மோசமான சாப்பாட்டில் தொடங்கிய கப்பற்படை எழுச்சி, 78 கப்பல்களுக்கும் சுமார் 20,000 மாலுமிகளுக்கும் பரவியது. உத்பல் தத் அதை 'கல்லோல்' என்ற நாடகமாக்கி 1965-இல் கல்கத்தாவின் மினர்வா அரங்கில் மேடையேற்றினார், அதே ஆண்டு சிறைக்கும் போனார். தமிழில் நமக்குக் 'கப்பலோட்டிய தமிழன்' கிடைத்தது, அது பெரும் பேறு. ஆனால் 46-இன் மாலுமிகளுக்குத் தமிழில் ஒரு பெரிய படம் வரவேண்டும் என்ற ஏக்கம் குரோன்ஷ்டாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் கிளம்புகிறது. எடுக்கப்போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் இந்தப் பாறைக் காட்சியைப் பார்த்துவிட்டு வரட்டும்.

எங்கள் தலைமுறையில் பலருக்கும் ரஷ்யா வந்து சேர்ந்தது நியூ செஞ்சுரி புத்தகக் கண்காட்சி வழியாகத்தான். 'தாய்', 'வீரம் விளைந்தது', 'உண்மை மனிதனின் கதை'. கெட்டி அட்டை, மலிவு விலை. அந்தப் புத்தகங்களில் படித்த மனிதர்கள் எப்படி நடப்பார்கள், எப்படிக் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள், பனியில் எப்படிச் சிகரெட் பற்றவைப்பார்கள் என்று கற்பனை செய்து வைத்திருந்த எனக்கு, இந்தப் படத்தில் அவர்கள் எல்லோரும் உயிரோடு வந்தார்கள். கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பம் செய்கிற நண்பர் ஒருவருக்கும் இதைப் போட்டுக் காட்டினேன். கதையைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. கமிஸார் முகம் வரும்போதெல்லாம் "கொஞ்சம் நிறுத்துங்கண்ணே" என்று சொல்லி எழுந்து போய்த் திரைக்கு அருகில் நின்று பார்த்தார். கன்னத்து எலும்புக்குக் கீழே விழும் நிழலை விரலால் தொட்டுக் காட்டி, "இந்தப் பள்ளம் எடுக்கறதுக்குத்தாண்ணே எங்கப்பா என்னைய அடிச்சாரு" என்றார். சாமி சிலையே செதுக்கிப் பழகிய கை, ஒரு மாலுமியின் முகத்தைச் செதுக்க இப்போது வாகை மரத்துண்டு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறது.

பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. மாஸ்ஃபிலிம் தன் பழைய படங்கள் பலவற்றை யூடியூபில் இலவசமாகவே வைத்திருக்கிறது. இந்தப் படத்தையும் இணையத்தில் தேடிப் பிடித்துவிடலாம். செல்போனில் மட்டும் பார்க்காதீர்கள். ஒரு சுவர், ஒரு வேட்டி, எது கிடைத்தாலும் பெரிதாக்கிப் பாருங்கள், ஒலியை நன்றாக வையுங்கள்; அந்தப் பேண்டு வாத்தியக் காட்சிக்காகவாவது நல்ல ஸ்பீக்கர் வேண்டும். தனியாகப் பார்க்காமல் நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள், அதில் இரண்டு பேர் சினிமா பேசாதவர்களாக இருக்கட்டும். அடுத்ததாகக் கடலூர் பழைய துறைமுகத்துப் பக்கம், கடலுக்குப் போய் வருகிறவர்களோடு உட்கார்ந்து இதைப் பார்க்கவேண்டும் என்று இருக்கிறேன். கல்லோடு நீருக்குள் போனவன் எப்படிக் கட்டை அவிழ்த்தான், அது நடக்கக்கூடியதுதானா என்று அவர்களிடம் கேட்க வேண்டும். அந்தப் பக்கத்தில் வெள்ளைச் சுவர் உள்ள வீடு யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள், ப்ரொஜெக்டர் நான் கொண்டுவருகிறேன்.